அசலூர்த் திருவிழா: ஸ்டுட்கார்ட்டிலிருந்து சில குறிப்புகள், 2006

கேள்வி (ஒரு வாசகி):
கணவருக்கு ஜெர்மனியில், பொட்ஸ்டாமில் ஆராய்ச்சி வேலை. ஜூன் முதல் வாரம் குழந்தையோடு கிளம்புகிறோம். கால்பந்து உலகக்கோப்பை நேரம், ஊரே கோலாகலமாக இருக்கும் என்று சந்தோஷமாக இருந்தேன். போன வாரம் அந்த நாட்டு அரசின் முன்னாள் செய்தித் தொடர்பாளர் ஒருவர், கறுத்த தோல் உள்ளவர்கள் பிராண்டன்பர்க் பக்கம் சில ஊர்களுக்குப் போகாமல் இருப்பது நல்லது, போனால் உயிரோடு திரும்பாமல் போகலாம் என்று வானொலியில் பேசியிருக்கிறாராம். பொட்ஸ்டாம்தானே பிராண்டன்பர்க்கின் தலைநகர்? அங்கே இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். மழுப்ப வேண்டாம்.

மே 25, 2006

அப்படிப் பேசியவர் ஊவே கார்ஸ்டன் ஹாயே. ஷ்ரோடர் ஆட்சியில் அரசின் குரலாக இருந்தவர். பேசியது உண்மைதான். மறுநாளே எல்லாக் கட்சிக்காரர்களும் அவர்மேல் பாய்ந்தார்கள். விருந்தாளி வரும் நேரத்தில் வீட்டுக் குப்பையைத் திண்ணையில் கொட்டுகிறாரே என்ற கோபம்தான். திண்ணையில் கொட்டியது யார் வீட்டுக் குப்பை என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, என் அனுபவம். நான்கு வருடமாக ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். ஒருவரும் கை வைத்ததில்லை, வாய் வைத்ததும் குறைவு. இங்கே நம்மை அடிக்கமாட்டார்கள், பார்க்கவே மாட்டார்கள். டிராமில் என் பக்கத்து இருக்கைதான் கடைசியாக நிரம்பும். அதற்கும் பழகிவிட்டேன், கால் நீட்ட வசதி. உலகக்கோப்பைக்கு இவர்கள் வைத்திருக்கும் வாசகம் ‘உலகம் நண்பர்கள் வீட்டு விருந்தாளி’. ஒரு மாதம் முழுக்க கேமரா இந்த நாட்டின் மேல்தான் இருக்கும். தைரியமாக வாருங்கள்.

இன்று இங்கே விடுமுறை. தந்தையர் தினமும்கூட. ஆண்கள் கைவண்டியில் பீர்ப் பெட்டிகளை ஏற்றி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். காலை பதினொரு மணிக்கே என் ஜன்னலுக்குக் கீழே ஒரு கூட்டம் தள்ளாடிக்கொண்டு போகிறது. நான் மதியம் வரை வெளியே போகப்போவதில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, மேலே எழுதிய தைரியத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று.

மே 26

வாசகி பதில் எழுதியிருக்கிறார். சுருக்கமாக: “ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்துகொண்டு பொட்ஸ்டாமுக்கு ஆறுதல் சொல்லாதீர்கள்.”

நியாயம். இரண்டுக்கும் நடுவே ரயிலில் ஐந்தாறு மணி நேரம். அதோடு நான் சொல்லாமல் விட்டதையும் அவரே கண்டுபிடித்திருக்கிறார். இந்த ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறு விடியற்காலையில், அதே பொட்ஸ்டாமில் எத்தியோப்பியாவில் பிறந்த ஒரு பொறியாளரை நிறுத்தத்தில் அடித்துக் கோமாவில் தள்ளினார்கள். மழுப்ப வேண்டாம் என்று சொன்னவரிடமே மழுப்பியிருக்கிறேன். மன்னிக்கவும். இனி எனக்குத் தெரிந்த ஊரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 3

கொடிகள் முளைக்கத் தொடங்கிவிட்டன. கார் ஜன்னலில் செருகும் பிளாஸ்டிக் கொடி, கறுப்பு சிவப்பு தங்கம். நான்கு வருடத்தில் அரசுக் கட்டடங்களைத் தவிர வேறெங்கும் இதைப் பார்த்த நினைவில்லை. வீட்டில் கொடி வைத்திருப்பவனைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கும் நாடு இது. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

கோலேயோ என்ற சிங்கம்தான் சின்னம். மேலே ஜெர்மன் சட்டை, கீழே ஒன்றுமில்லை. கால்சட்டை இல்லாத சிங்கத்தை யார் வாங்குவார்கள்? பொம்மை செய்த நிறுவனம் போட்டி தொடங்கும் முன்பே திவால் மனு கொடுத்துவிட்டது.

ஊர் நடுவே அரண்மனைச் சதுக்கத்தில் பெரிய திரை கட்டுகிறார்கள். இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பப்ளிக் வியூயிங்’. ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு இவர்களே உண்டாக்கியது. எனக்கு அதைக் கேட்டால் ராஜாஜி ஹால்தான் நினைவுக்கு வருகிறது, பூமாலையும் நீண்ட வரிசையுமாக. ஆபீஸில் அமெரிக்கர் ஒருவரும் முதல் நாள் “யார் செத்தது?” என்று கேட்டாராம்.

ஆபீஸில் ஸ்கோர் ஊகிக்கும் போட்டி. தலைக்கு ஐந்து யூரோ. எனக்குக் கால்பந்தில் ஆஃப்சைடு தாண்டித் தெரியாது, அதிலும் பாதிதான். 64 ஆட்டத்தில் முதல் சுற்றுக்கு மட்டும் எண்கள் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 10, அதிகாலை

தூக்கம் வரவில்லை. வெளியே இன்னும் ஹாரன் சத்தம்.

மியூனிக்கில் ஜெர்மனி 4, கோஸ்டாரிகா 2. ஆறாவது நிமிடத்தில் லாம் இடது பக்கமிருந்து உள்ளே வெட்டி வளைத்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. சதுக்கத்தில் என் முன்னால் நின்ற, டை கட்டிய ஐம்பது வயதுக்காரர் திரும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். பீர் என் சட்டையில். “நீ பார்த்தாயா! பார்த்தாயா நீ!” என்றார்.

இதை விளக்க வேண்டும். நம்மைப் போலவே இவர்களுக்கும் நீ, நீங்கள் உண்டு. நம்மைவிடக் கறாராக வைத்திருக்கிறார்கள். என் எதிர்வீட்டுப் பாட்டிக்கும் எனக்கும் நான்கு வருடமாக நீங்கள்தான். முன்பின் தெரியாத ஒருவர் ‘நீ’ என்றால் ஒன்று நெருக்கம், இல்லை அவமதிப்பு. நேற்று இரவு சதுக்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’. நானும் ஒரு போலீஸ்காரரை ‘நீ’ என்று சொல்லிவிட்டேன். சாதாரண நாளில் அதற்கே அபராதம் கட்ட வேண்டியிருக்கும். சிரித்தார்.

வேட்டி நுனியில் காசு முடிந்துவைப்பதுபோல அந்த ‘நீ’யை முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 11

டிரினிடாட் டொபாகோ 0, ஸ்வீடன் 0. ஆபீஸில் இந்த ஸ்கோரைச் சரியாகச் சொன்னது நான் மட்டுமே. திங்கட்கிழமை எல்லோரும் வந்து எப்படி ஊகித்தாய் என்று கேட்கப்போகிறார்கள். லாராவின் ஊர்க்காரர்களுக்கு எதிராக எண் போட மனம் வரவில்லை, அவர்களுக்கு கோல் போடத் தெரியுமா என்றும் தெரியவில்லை, அதனால் இரண்டு பக்கமும் சுழியம் போட்டேன் என்று சொன்னால் நம்புவார்களா?

இன்று மதியம் ரயில் நிலையத்தில் ஒருவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரல் உயர்த்தி, “டிரினிடாட், அருமை!” என்றார். திருத்தவில்லை. நன்றி சொன்னேன்.

ஜூன் 15

போலந்தை 1-0. டோர்ட்முண்டில், 91ஆவது நிமிடத்தில். ஓடோன்கோர் வலது பக்கம் ஓடிக் குறுக்கே கொடுத்தார், நாய்வில் சறுக்கி உள்ளே தள்ளினார்.

ஓடோன்கோரின் அப்பா கானாக்காரர். நாய்வில் பிறந்தது சுவிட்சர்லாந்தில். முன்வரிசையில் கோலுக்காக முட்டிக்கொண்டிருந்த குளோசேயும் பொடோல்ஸ்கியும் பிறந்தது எதிரணி நாடான போலந்தில். சதுக்கத்தில் என் பக்கத்திலிருந்த பையன் ஓடோன்கோர் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டான். வாசகிக்கு உடனே எழுதினேன்: பாருங்கள், நிலைமை மாறுகிறது.

எழுதி அனுப்பிவிட்டுப் பல் விளக்கும்போது தோன்றியது. கோலுக்குப் பந்து கொடுத்தால்தான் நம்மவன் என்றால், கொடுக்காதவன் கதி? தோல் கறுத்தவன் 91ஆவது நிமிடத்தில் குறுக்கே பந்து கொடுத்தே ஆக வேண்டுமா? அதை வாசகிக்கு எழுதவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 17

நேற்று ஹாலந்துக்காரர்கள் வந்தார்கள். செண்டுமல்லி லாரி கவிழ்ந்ததுபோல ஊர் முழுக்க ஆரஞ்சு. ஐவரி கோஸ்டை 2-1 வென்றார்கள். அவ்வளவுதான். ஆட்டத்தைவிட எனக்கு அந்த நிறம்தான் மனசில் நிற்கிறது. ஒருவர் தலையில் முழுக் காரட் கட்டு.

ஜூன் 20

கணக்கு வைத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை நான்: டிரினிடாட் (2 முறை), பிரேசில் (1), அங்கோலா (1, எப்படி என்று கேட்காதீர்கள்), நேற்று மட்டும் துனிசியா (5). ஸ்பெயினும் துனிசியாவும் இங்கேதான் ஆடின. மாலையில் மைதானம் இருக்கும் கான்ஷ்டாட் பக்கம் இறங்கினேன். உண்மையான துனிசியர் ஒருவரே என்னிடம் அரபியில் ஏதோ கேட்டார். கழிப்பறை எங்கே என்பதாக இருக்கும் என்று ஊகித்துக் கை காட்டினேன். சரியாகத்தான் ஓடினார். துனிசியா முதல் கோல் போட்டு, கடைசி இருபது நிமிடத்தில் மூன்று வாங்கித் தோற்றது. இரவு டிராமில் இருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். சோகமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

‘இந்தியா’ என்று சொன்னால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. “ஓ. நீங்கள் ஆடுகிறீர்களா?” இல்லை. “ஏன் ஆடுவதில்லை? நூறு கோடிப் பேர் இருக்கிறீர்களே?” இதற்கு டிராமில் இரண்டு நிறுத்தத்துக்குள் பதில் சொல்ல முடியாது. துனிசியாவாக இருப்பது வசதி.

ஜூன் 21

பயிற்சியாளர் கிளின்ஸ்மன் இந்த ஊர்க்காரர் என்பது தெரியுமா? போட்னாங்கில் அவர்கள் குடும்ப பேக்கரி இருக்கிறது. அவரே பேக்கர் தொழில் படித்தவர். ஞாயிறு அன்று வேலை மெனக்கெட்டுப் போய் இரண்டு பிரெட்சல் வாங்கிவந்தேன். மற்ற கடைப் பிரெட்சல் போலத்தான் இருந்தது, உப்பு ஒரு கல் அதிகம்.

சொல்ல வந்தது வேறு. இவர் குடியிருப்பது கலிஃபோர்னியாவில். மார்ச்சில் இத்தாலியிடம் 4-1 தோற்றுவிட்டு விமானமேறி வீட்டுக்குப் போய்விட்டார் என்று பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு நம் ஊரைப் பற்றிப் பேச இவன் யார் என்ற தொனி. எனக்குப் பழகிய தொனி. பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போய் நகராட்சியைக் குறை சொன்னால் மாமா என்ன சொல்வாரோ அதேதான். மூன்று ஆட்டம் ஜெயித்ததும் அதே பத்திரிகைகள் அவரை மகராசன் என்கின்றன. ஜெர்மனியின் என்.ஆர்.ஐ. எனக்கு இந்த அணியோடு ஒட்டுதல் வந்தது இவரால்தான்.

ஜூன் 23

குரோஷியா-ஆஸ்திரேலியா, 2-2, நம் ஊரில். ஆங்கில நடுவர் கிரஹாம் போல் ஷிமுனிச்சுக்கு ஒரே ஆட்டத்தில் மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாவதோடு வெளியே அனுப்ப மறந்துவிட்டார். இரண்டாவதை ஆஸ்திரேலிய வீரர் பேரில் எழுதிக்கொண்டாராம். அந்த ஷிமுனிச் பிறந்தது ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், பேச்சும் ஆஸ்திரேலியன்போலவே. நான் துனிசியன் ஆனதில் என்ன அதிசயம்?

ஜூன் 26

இங்கிலாந்துக்காரர்கள் வந்து போனார்கள். சனி இரவு சதுக்கத்தில் நாற்காலியும் பாட்டிலும் பறந்தன, நூற்றுக்கணக்கில் பிடித்தார்கள். நான் வீட்டில். ஞாயிறு எக்வடாரை பெக்கமின் ஃப்ரீ கிக்கில் 1-0. எனக்கு எக்வடார் (3).

அதில் ஒன்று மட்டும் வேடிக்கையாக இல்லை. நாலைந்து பேர் சட்டையில்லாமல் என்னைச் சுற்றி நின்று “எக்வடார், எக்வடார்” என்று பாடினார்கள். முகம் சிரித்துக்கொண்டிருந்தது, வட்டம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. சிரித்துக்கொண்டே வெளியே நழுவினேன். விளையாட்டுதான். விளையாட்டாகத்தான் இருந்திருக்கும்.

ஜூலை 1

நேற்று மாலை ஐந்து மணிக்கு பெர்லினில் ஜெர்மனி-அர்ஜென்டினா. ஏறக்குறைய அதே நேரத்தில் ஜமைக்காவில் இந்தியா-வெஸ்ட் இண்டீஸ் கடைசி டெஸ்ட். முதல் மூன்றும் டிரா. ஆபீஸில் பெரிய திரையில் கால்பந்து, என் மடிக்கணினியில் கிரிக்இன்ஃபோ. அயாலா தலையால் அடித்து அர்ஜென்டினா முந்தியபோது அறை முழுக்கக் கப்சிப். அந்த அமைதியில் நான் “அய்யோ” என்றேன். என் தோளைத் தட்டினார்கள். நான் சொன்னது இங்கே விக்கெட் விழுந்ததற்கு.

அப்புறம் குளோசே சமன் செய்தார், பெனால்டிக்குப் போனது. ஜெர்மன் கோல்கீப்பர் லேமன் காலுறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்தார். யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று பென்சிலில் எழுதிய பிட்டு. உலகமே பார்க்க பிட்டடித்துப் பாஸான ஒரே மனிதர். அதற்கு முன்னால், இடத்தை லேமனிடம் பறிகொடுத்த கான் வந்து குனிந்து அவர் கையைப் பிடித்தாரே, அதைப் பார்த்துதான் எனக்குக் கண் கலங்கியது. 4-2.

டிராவிட் 81. இந்தியா 200க்கு ஆல் அவுட். இதைச் சொல்ல ஆளில்லை.

ஜூலை 3

இந்தியா 49 ரன்னில் ஜெயித்துவிட்டது! கும்ப்ளே ஆறு விக்கெட். வெஸ்ட் இண்டீஸ் மண்ணில் தொடரை வென்று 35 வருடம். வடேகர் காலத்துக்குப் பிறகு இப்போதுதான்.

நேற்று ஞாயிறு, கால்பந்து கிடையாது. தெரு சுடுகாடு மாதிரி. நள்ளிரவை ஒட்டிக் கடைசி விக்கெட் விழுந்தது. ஊருக்குப் போன் செய்தால் அங்கே விடியற்காலை, எடுக்கவில்லை. மூன்று வாரமாக ஊரே ஹாரன் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்த பாதிப்பு. சைக்கிளை எடுத்தேன். மணியடித்துக்கொண்டே எங்கள் தெருவை மூன்று சுற்று. ஒரு ஆள் ஊர்வலம். மூன்றாவது சுற்றில் ஒரு ஜன்னல் திறந்து, ஞாயிற்றுக்கிழமை இரவு என்ன சத்தம் என்று கத்தல். மூன்று வாரம் விடிய விடிய ஹாரன் கேட்டுத் தூங்கியவர்கள்!

காலையில் படிக்கட்டில் எதிர்வீட்டுப் பாட்டி: “இரவு யாரோ மணியடித்தார்கள், கேட்டீர்களா?” நான்தான் என்றேன். காரணம் சொன்னேன். எத்தனை நாள் நடந்த ஆட்டம் என்று கேட்டார். ஐந்து நாள் ஆட்டம், மூன்றே நாளில் முடிந்துவிட்டது என்றேன். கொஞ்சம் யோசித்தார். “அப்படியானால் மூன்று சுற்று சரிதான்.”

கவனித்தேன், அவர் ஜன்னல் ஜெரேனியம் தொட்டியில் ஒரு கொடி. பாலாடைக்கட்டித் துண்டில் குத்திக் கொடுப்பார்களே, பல்குச்சியில் ஒட்டிய காகிதக் கொடி, கட்டைவிரல் நகம் அளவு. 1930இல் பிறந்தவர். ஜன்னலில் கொடி தொங்கிய காலத்தைச் சின்ன வயதில் பார்த்தாயிற்று, போதும் என்று போன மாதம்தான் என்னிடம் சொன்னார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “விருந்தில் மிஞ்சியது, தூக்கிப் போட மனமில்லை” என்றார்.

ஜூலை 5

அரையிறுதியில் இத்தாலியிடம் தோற்றுவிட்டார்கள். டோர்ட்முண்டில் ஜெர்மனி அதுவரை தோற்றதே இல்லை. 119ஆவது நிமிடத்தில் குரோசோ, அடுத்து டெல் பியரோ. சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வாயே திறக்காமல் நின்றார்கள்.

திரும்பி வரும் டிராமில், ஜெர்மன் சட்டை போட்ட ஒருவன், இருபத்தைந்து வயது இருக்கும், இறங்கும்போது என்னிடம், “வீட்டுக்குப் போ” என்றான்.

அவ்வளவுதான். தூங்கப் போகிறேன்.

ஜூலை 6

தூங்கவில்லை. அவன் சொன்னது ‘கே ஹைம்’. ‘போ’, ‘போங்கள்’ அல்ல.

ஒன்று: முடிந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போவோம், நீயும் போ என்று சோகத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கலாம். மாதம் முழுக்க எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றுதானே சொன்னார்கள். என் கழுத்தில் அவர்கள் நிறத்தில் ஒரு துண்டு வேறு இருந்தது.

இரண்டு: எங்கிருந்து வந்தாயோ அங்கே போ.

ஒரே இரண்டு சொல். ஜூன் 9 அன்று மகிழ்ச்சியோடு முடிந்துகொண்டு வந்தேனே ஒரு ‘நீ’, அதே ‘நீ’தான் இது. ‘நீங்கள்’ என்று சொல்லியிருந்தால் எனக்குக் குழப்பமே இருந்திருக்காது. மரியாதைக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று இதுவரை தோன்றியதில்லை.

ஆபீஸ் நண்பர் சிரித்தார். “எங்களில் பத்து பேர் அன்றிரவு ஒருவருக்கொருவர் அதைத்தான் சொல்லிக்கொண்டோம். நீ அதிகமாக யோசிக்கிறாய்.” இருக்கலாம். அவருக்கு யோசிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை, அது அவர் தப்பு இல்லை.

ஜூலை 7

அரிசி வாங்கத் தமிழ்க் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், இங்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். நான் ‘அவர்கள் தோற்றுவிட்டார்கள்’ என்பேன், அவர் ‘நாங்கள் தோத்திட்டம்’ என்பார். அவர் மகன் உள்ளூர் கிளப்பில் பந்தாடுகிறான். இந்த மாதம் கடையில் பாதிப் பேச்சு குளோசே, பாதிப் பேச்சு ஊரில் மறுபடி மூளும் சண்டை.

டிராம் கதையைச் சொன்னேன். எடை போட்டுக்கொண்டே கேட்டார்.

“தம்பி, நீர் அவன்ரை முகத்தைப் பாத்தனீரோ?”

இல்லை. பார்க்கவில்லை. அவன் வாயைத் திறந்ததுமே தலையைக் குனிந்துகொண்டேன். சட்டையின் எண் ஞாபகம் இருக்கிறது, 20, பொடோல்ஸ்கி. முகம் இல்லை.

“முகத்தைப் பாக்க வேணும். பாத்தால் தெரியும். நான் தொண்ணூறாம் ஆண்டு பாக்கப் பழகினனான்.”

1990. ரோமில் இதே அர்ஜென்டினாவை வென்று கோப்பை வாங்கிய இரவு. கிளின்ஸ்மன் ஆடிய அணி. அண்ணை அப்போது அகதிகள் விடுதியில். “வெண்டது எங்களுக்கும் சந்தோசம்தான். ஆனால் அண்டைக்கு வெளியாலை போகேல்லை. கதவைப் பூட்டிப்போட்டு, ரீவியின்ரை சத்தத்தைக் குறைச்சுப்போட்டு இருந்தனாங்கள். வெண்டாலும் குடிப்பாங்கள், தோத்தாலும் குடிப்பாங்கள்.” அடுத்த மூன்று வருடத்தில் ஹோயர்ஸ்வெர்டா, ரோஸ்டாக், மோல்ன், ஜோலிங்கன் என்று ஊர் ஊராக வெளிநாட்டவர்கள் குடியிருந்த வீடுகளைத் தாக்கினார்கள், தீ வைத்தார்கள். அவர் அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. “பிறகு நடந்தது உமக்குத் தெரியுந்தானே” என்றார். “இப்ப அப்படியில்லை. இந்த முறை நான் மகனோடை சதுக்கத்திலைதான் நிண்டனான்.”

நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் அண்ணை, நான் பார்க்கவே இல்லையே என்றேன். “வெளியாலை போற வாசலுக்குக் கிட்ட” என்றார்.

ஜூலை 9

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் நேற்று எங்கள் ஊரில். போர்ச்சுகலை 3-1. ஷ்வைன்ஷ்டைகர் இரண்டு போட்டார், மூன்றாவது போர்ச்சுகலே போட்டுக்கொண்டது. லேமனுக்குப் பதில் கான் நின்றார். இறுதியாட்டம் பெர்லினில் என்பதால், ‘ஸ்டுட்கார்ட் பெர்லினைவிட எவ்வளவோ அழகு’ என்று ஊரே பாடியது. எட்டாத திராட்சையை இவ்வளவு உற்சாகமாகப் புளிக்கவைத்து நான் பார்த்ததில்லை.

சதுக்கத்துக்குப் போனேன். அண்ணையையும் மகனையும் வாசல் பக்கம் கண்டுபிடித்து அவர்களோடு நின்றேன். நேற்று எனக்கு எந்த நாடும் சூட்டப்படவில்லை. மகன்தான் ஆஃப்சைடை ஒழுங்காக விளக்கினான். பதினான்கு வயது, எனக்கு ‘நீங்கள்’ போட்டான், தமிழில்.

ஜூலை 10

ஜிடான் தலையால் முட்டி வெளியேறினார், இத்தாலி பெனால்டியில் வென்றது. எங்கள் தெரு முனையில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் இத்தாலியர் இரவு ஒரு மணிக்குக் கடையைத் திறந்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அவர் அப்பா 60களில் இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவராம். ஹாரன் நான்கு மணி வரை. ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. என் சைக்கிள் மணி நினைவுக்கு வந்தது.

ஸ்கோர் போட்டியில் கடைசியிலிருந்து இரண்டாவது.

ஜூலை 14

வாசகியிடமிருந்து மடல். பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலிலிருந்து நீளும் ரசிகர் சாலைக்கு மூன்று முறை போனார்களாம். குழந்தையின் கன்னத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் மூன்று நிறம் பூசிவிட்டாள், இரண்டு நாள் கழுவ விடவில்லை. இவ்வளவு சிநேகமான கூட்டத்தைத் தான் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார். அடுத்த வரி: “இருட்டியபின் பொட்ஸ்டாமுக்கு ரயிலில் வருவதில்லை. பகலில் கொடி, இரவில் டாக்சி. மாதச் செலவில் டாக்சிக்குத் தனியாக எடுத்துவைக்கிறோம்.”

மே மாதம் நான் எழுதியிருக்க வேண்டிய பதிலை அவரே எழுதிவிட்டார்.

ஜூலை 22

டிராம் பழையபடி. என் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்புகிறது. நேற்று ஒருவர் வந்து, “இங்கே உட்காரலாமா, நீங்கள் அனுமதித்தால்” என்று கேட்டார். முகத்தைப் பார்த்தேன். களைத்த முகம், வேறொன்றும் இல்லை. நான் உற்றுப் பார்த்ததில் அவர்தான் சங்கடப்பட்டார்.

இந்த வாரம் கேர்வோஹெ என் முறை. தெரியாதவர்களுக்கு: இந்தப் பக்கத்தில் மாடிப்படியைக் குடியிருப்பவர்கள் வாரம் ஒருவராகக் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு அட்டை தொங்கும். பாட்டி அதை ஞாயிறு இரவே என் கதவில் மாட்டிவிட்டார். இன்று காலை கூட்டிக்கொண்டிருந்தபோது அவர் கதவு திறந்தது. கையில் அந்தப் பல்குச்சிக் கொடி. மழையில் சாயம் ஓடியிருந்தது.

இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளவா என்று முறத்தை நீட்டினேன்.

“பொறுங்கள்” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகத்தால் சுரண்டி, காகிதத்தைக் குச்சியிலிருந்து கிழியாமல் பிரித்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. காகிதத்தை ஒரு கையிலும் குச்சியை இன்னொரு கையிலும் கொடுத்தார்.

“இது காகிதத் தொட்டியில். அது மக்கும் குப்பையில். போன முறை நீங்கள் மாற்றிப் போட்டுவிட்டீர்கள்.”